சாயவேர் முதல் ஒளிரும் சாயம் வரை

மதுரையில் திருமலை நாயக்கர் மகாலை அடுத்த தெருக்களில் என் இளமைப் பருவம் கழிந்தது. எங்கள் பக்கத்து வீட்டுத் திண்ணையில் ஒரு பாட்டியம்மாள் நாள்தோறும் பிற்பகலில் அமர்ந்து, வெள்ளைத் துணியைக் கடுகளவு கிள்ளியெடுத்து, நூலால் இறுகச் சுற்றி முடிச்சிட்டுக்கொண்டிருப்பார். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான முடிச்சுகள். அந்தத் துணி சாயத் தொட்டிக்குப் போய்த் திரும்பி வந்து, உலர்ந்து, முடிச்சுகள் அவிழ்க்கப்படும்போது, சிவந்த துணியெங்கும் விண்மீன்களைப்போல வெள்ளைப் புள்ளிகள் தோன்றும். இதுவே சுங்குடி. நாயக்கர் காலத்தில் மதுரையில் குடியேறிய சௌராஷ்டிர மக்கள் பேணி வளர்த்த கைத்தொழில் அது.

முடிச்சு விழுந்த இடத்தில் சாயம் ஏன் புகுவதில்லை என்று நான் ஒருநாள் கேட்டேன். பாட்டியம்மாள் சிரித்துவிட்டு, "இடம் ஏற்கெனவே பிடித்தாகிவிட்டதே, அப்பா! பிறகு அது எங்கே போய் உட்காரும்?" என்றார். அந்த விடையின் முழுப் பொருளையும் உணர எனக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. நம் உடம்பின் ஒவ்வோர் உயிரணுவிலும் சுருண்டு கிடக்கும் டி.என்.ஏ. என்னும் மரபுப் பொருளையும், அதைக் காண்பதற்காக விஞ்ஞானிகள் ஊட்டும் ஒளிரும் சாயங்களையும் பற்றி இன்று மாணவ நண்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். காண்பதற்கென்று ஊட்டிய சாயம், காணப்படும் பொருளின் வேலையையே மாற்றிவிடுமா என்பதுதான் கேள்வி. கதையை மதுரையிலிருந்தே தொடங்கலாம். ஏனெனில் இதன் வேர், சொல்லப்போனால், நம் மண்ணில் விளைந்த ஒரு வேரையும் தொட்டுச் செல்கிறது.

அந்த வேருக்குச் சாயவேர் என்றே பெயர். இராமேசுவரம் முதலான கடலோர மணற்பாங்குகளிலும், கடலுக்கு அப்பால் மன்னார், யாழ்ப்பாணம் ஆகிய பகுதிகளிலும் அதைத் தோண்டியெடுத்தார்கள். படிகாரத்தின் துணையோடு அது பருத்தி நூலில் சிவப்பாகப் பற்றிக்கொள்ளும். சாயம் மட்டும் இருந்தால் போதாது. சாயத்தையும் நூலையும் பிணைக்க ஒரு பற்றுப்பொருள் வேண்டும் என்பது சாயக்காரர்கள் வழிவழியாக அறிந்திருந்த இரசாயனம். அந்த வேரிலிருந்த முக்கியமான நிறப்பொருள் அலிசரின். ஐரோப்பாவில் மஞ்சிட்டி இனத்துச் செடியின் வேரிலிருந்தும் இதே அலிசரினைத்தான் எடுத்துவந்தனர்.

1868-ல் ஜெர்மனியில் கார்ல் கிரேபே, கார்ல் லீபர்மன் என்ற இருவர், நிலக்கரித் தாரிலிருந்து பிரிக்கப்படும் ஆந்திரசீன் என்ற பொருளைக்கொண்டு அலிசரினைச் செயற்கையாகச் செய்து காட்டினர். மறு ஆண்டு ஜூன் மாதத்தில் இவ்விருவரும் ஹைன்ரிக் காரோவும் சேர்ந்து லண்டனில் உரிமை கோரி விண்ணப்பித்தனர். அதற்கு மறுநாளே இங்கிலாந்தின் பெர்கின் தம்முடைய விண்ணப்பத்தைக் கொடுத்தார் என்பது இரசாயன வரலாற்றில் பலரும் சுவைத்துச் சொல்லும் செய்தி. ஒருநாள் இடைவெளியில் கை நழுவிய அந்த உரிமையைவிட, நம் பக்கத்தில் நழுவிப்போனது பெரிது. பீப்பாய்களில் வந்திறங்கிய செயற்கை அலிசரினுக்கு முன்னே சாயவேர் நிற்கவில்லை. வேர் தோண்டிப் பிழைத்த குடும்பங்களைப் பற்றி இரசாயனப் பாடநூல்கள் பேசுவதில்லை.

அதே 1869-ஆம் ஆண்டில், ட்யூபிங்கன் நகரத்துக் கோட்டையொன்றின் பழைய சமையலறையில் இருந்த ஆய்வுக்கூடத்தில், பிரீட்ரிக் மீஷர் என்ற இளைஞர், மருத்துவமனையிலிருந்து வந்த சீழ் படிந்த கட்டுத்துணிகளைக் கழுவி, வெள்ளணுக்களின் உட்கருவிலிருந்து ஒரு புதுப்பொருளைப் பிரித்தெடுத்தார். நாம் இன்று டி.என்.ஏ. என்று சொல்வது அதைத்தான். அடுத்த ஆண்டு, 1870-ல், கிரேபேயும் காரோவும் ஆந்திரசீனோடு கலந்து கிடந்த மற்றொரு பொருளைக் கண்டு, அதன் நெடியும் காரமும் கருதி அக்ரிடின் என்று பெயரிட்டனர். அலிசரின் பிறந்த அதே தாரிலிருந்து அக்ரிடினும் வந்தது. டி.என்.ஏ.வும் அக்ரிடினும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் உலகுக்கு அறிமுகமாயின. ஆனால் ஒன்றையொன்று சந்திக்க அவை தொண்ணூறு ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

இடைக்காலத்தில் சாயத் தொழிற்சாலைகளின் புதுச் சரக்குகள் உயிரியல் அறிஞர்களின் மேசைக்கு வந்தன. வால்ட்டர் பிளெமிங் அனிலீன் சாயங்களைக்கொண்டு உட்கருவின் இழைகளுக்கு நிறமூட்டி, உயிரணு இரண்டாகப் பிரியும் முறையை 1882-ல் விரிவான நூலாக எழுதினார். 1888-ல் வால்டையர் அவ்விழைகளுக்குக் குரோமோசோம் என்று பெயரிட்டார். நிறமுடைய உடல் என்பதே அதன் பொருள். இயல்பில் அவற்றுக்கு நிறம் கிடையாது. நாம் ஊட்டிய நிறத்தையே பெயராகப் பெற்ற பொருள் அது! 1924-ல் பாய்ல்கன், டி.என்.ஏ.வுக்கு மட்டுமே செந்நிறம் தரும் முறையை வகுத்தார். இவையெல்லாம் பெரும்பாலும் சாராயத்திலும் அமிலத்திலும் தோய்த்துக் கொல்லப்பட்ட உயிரணுக்களில் செய்யப்பட்டவை. இறந்த உயிரணுவில் சாயம் எங்கே போய் அமர்ந்தாலும் கெடுவதற்கு ஒன்றுமில்லை. உயிரோடிருக்கும் உயிரணுவுக்குச் சாயமூட்ட முற்பட்டபோதுதான் வழக்கு தொடங்கியது.

உயிருள்ள உடலில் சாயத்தைச் செலுத்தத் துணிந்தவர்கள் மருத்துவர்கள். நோய்க்கிருமியை மட்டும் பற்றி, மனிதனை விட்டுவிடும் சாயம் ஒன்று கிடைக்காதா என்பது பால் எர்லிக் கண்ட கனவு. அவருடைய ஆய்வுகளில் பிறந்த அக்ரிஃபிளேவின் என்ற மஞ்சள் சாயம் முதல் உலகப்போரில் புண் கழுவும் மருந்தாயிற்று. என் பள்ளிக்கூடத்தில் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வரும் பிள்ளைகளுக்கு ஆசிரியர் பஞ்சில் தோய்த்துத் தடவிய மஞ்சள் மருந்து அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. சட்டையில் பட்டால் போகாது, வீட்டில் அதற்கும் வசவு கிடைக்கும். இரண்டாம் உலகப்போரில் பர்மாப் போர்முனையின் படைவீரர்கள் மலேரியாவுக்கு அஞ்சி விழுங்கிய மெபாக்ரின் மாத்திரையும் அக்ரிடின் வழி வந்ததுதான். அதைத் தொடர்ந்து உட்கொண்டவர்களின் தோல் மஞ்சள் பூத்தது.

இந்த மருந்துகள் உயிரணுவுக்குள் எங்கே போய் அமர்கின்றன? 1953-ல் டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் வடிவம் வெளியாயிற்று. முறுக்கிய ஏணி ஒன்றை மனத்தில் கொள்ளுங்கள். அதன் படிகள் ஒவ்வொன்றும் இரண்டு காரங்கள் இணைந்தவை. படிக்கும் படிக்கும் இடையே 3.4 ஆங்ஸ்ட்ராம் தூரம். 1961-ல் லெனார்டு லெர்மன், தட்டையான அக்ரிடின் மூலக்கூறு இரண்டு படிகளுக்கு நடுவே சீட்டுக்கட்டில் செருகிய சீட்டைப்போலப் புகுந்துகொள்கிறது என்று காட்டினார். அப்படிப் புகுவதால் அந்த இடைவெளி ஏறக்குறைய இருமடங்காகிறது, ஏணி நீள்கிறது, அதன் முறுக்கும் சற்றுத் தளர்கிறது. ஆகவே சாயம் டி.என்.ஏ.யின் மேலே பூசப்பட்ட பூச்சு அன்று. அது உள்ளே நுழைந்து, வடிவத்தையே திருத்தி அமைக்கிறது.

அதே 1961-ல் கேம்பிரிட்ஜில் கிரிக், பிரென்னர், இன்னும் இருவர் சேர்ந்து, புரோஃபிளேவின் என்ற அக்ரிடின் சாயத்தைக்கொண்டு, நுண்ணுயிரைத் தாக்கும் ஒரு வைரசில் மரபுப் பிழைகளை உண்டாக்கிப் பார்த்தனர். சாயம் புகுந்த ஏணி படியெடுக்கப்படும்போது ஓர் எழுத்து கூடுகிறது, அல்லது குறைகிறது. அதன் விளைவை நம் மொழியிலேயே பார்த்துவிடலாம். "மரம் கடல் படம் நகம்" என்று மும்மூன்று எழுத்துச் சொற்களை இடைவெளியின்றி எழுதி, மும்மூன்றாகவே பிரித்துப் படிக்கும் ஒருவர் இருக்கிறார் என்று கொள்வோம். தொடக்கத்தில் ஒரு 'த' மிகையாக நுழைந்துவிட்டால், அவர் "தமர ம்கட ல்பட ம்நக" என்று படிப்பார். மெய்யெழுத்து மொழிக்கு முதலாகாது என்ற இலக்கணம் தெரிந்த எவரும் அத்தனையும் பிழை என்று உடனே சொல்லிவிடுவர். மிகை எழுத்து ஒன்று இருந்தாலும் இரண்டு இருந்தாலும் பொருள் பாழாகும். மூன்று நுழைந்தாலோ, அந்த இடத்தைக் கடந்த பின் வாசகம் பழைய நிலைக்கு வந்துவிடும். மரபு மொழி மூன்றெழுத்துச் சொற்களால் ஆனது என்பதை அறிஞர் ஊகித்தறிந்தது இந்த வழியிலேதான். தாரில் கிடந்த சாயம் ஒன்று மரபு மொழியின் இலக்கணத்தைச் சொல்லித்தந்தது.

இங்கே இரண்டு செய்திகளைக் குழப்பிக்கொள்ளலாகாது. எழுத்தையே மாற்றுவது வேறு. எழுதியிருப்பதைப் படிக்கவிடாமல் செய்வது வேறு. நம் கண்ணின் உயிரணுவிலும் கல்லீரலின் உயிரணுவிலும் இருப்பது ஏறக்குறைய ஒரே மரபு நூல். ஆயினும் கண் ஒரு சில அத்தியாயங்களைப் படிக்கிறது. கல்லீரல் வேறு சில அத்தியாயங்களைப் படிக்கிறது. தேவையான பகுதியை ஆர்.என்.ஏ. என்னும் படியாக எழுதிக்கொண்டு, அப்படியைக்கொண்டு புரதம் செய்கின்றன. இதைத்தான் மரபணு வெளிப்பாடு என்கிறோம். படியெடுக்கும் வேலையைச் செய்யும் நொதி, ஏணியின் முறுக்கைப் பிரித்துக்கொண்டே அதன்மேல் ஊர்ந்து செல்ல வேண்டும். வழியில் சாயம் செருகிக் கிடந்தால் என்ன ஆகும்?

அதற்கான விடை முதன்முதலில் தெளிவாகக் கிடைத்தது ஆக்டினோமைசின் என்ற செந்நிறப் பொருளிடமிருந்து. மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து 1940-ல் வாக்ஸ்மனும் உட்ரஃபும் அதைப் பிரித்தெடுத்தனர். 1960-களின் தொடக்கத்தில், மனித உயிரணுக்களில் அது டி.என்.ஏ.யைப் பற்றிக்கொண்டு ஆர்.என்.ஏ. படியெடுப்பை நிறுத்திவிடுகிறது என்பது உறுதியாயிற்று. அளவுக்கேற்ப விளைவும் வேறுபடுகிறது. மிகச் சிறிய அளவில் ஊட்டினால், ரைபோசோமுக்கு வேண்டிய ஆர்.என்.ஏ. மட்டுமே முதலில் நிற்கிறது. அளவைக் கூட்டினால் மற்றவையும் நிற்கின்றன என்று ராபர்ட் பெர்ரி ஹீலா உயிரணுக்களில் கண்டார். ஹீலா என்பது 1951-ல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்மணியின் புற்றுக் கட்டியிலிருந்து, அவருக்குச் சொல்லாமலே எடுத்து வளர்க்கப்பட்ட உயிரணு வகை. இன்றும் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் அது வளர்கிறது. ஆக்டினோமைசினோடு ஓர் அமினோ தொகுதியைச் சேர்த்துச் செய்த வடிவம் சிவப்பாக ஒளிர்வதால், இறந்த உயிரணுக்களை எண்ணும் சாயமாக இன்று பயன்படுகிறது. ஒரே மூலக்கூறு ஓரிடத்தில் புற்றுநோய் மருந்து. சிறு மாற்றத்தோடு மற்றோரிடத்தில் சாயம்.

1980-களின் பிற்பகுதியில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பல்கலை நகர் வளாகத்து இருட்டறை ஒன்றில், நான் முதன்முதலாக டி.என்.ஏ.யை என் கண்ணால் கண்டேன். கூழ்ப்பலகை ஒன்றின்மேல் புற ஊதாக் கதிர் பாய்ந்ததும், நெருப்புத் துண்டுகளைப்போல ஆரஞ்சு நிறக் கோடுகள் தோன்றின. வெளியே நாகமலையின்மீது வெயில் காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே நான் நேரம் போவதறியாமல் நின்றேன். அந்தச் சாயம் எத்திடியம் புரோமைடு. கையுறையின்றித் தொடவேண்டாம் என்று எச்சரித்திருந்தார்கள். அதே பொருளை 1952-ல் மாட்டு நோய்க்கு மருந்தாக அறிமுகம் செய்தார்கள் என்பதையும், ஆப்பிரிக்காவில் டிரிபனோசோம் நோய் கண்ட கால்நடைகளுக்கு அதை ஊசி வழியாகச் செலுத்திவந்தார்கள் என்பதையும் பின்னாளில் படித்து வியந்தேன். தனியாக நீரில் இருக்கும்போது அது மங்கலாகவே ஒளிரும். டி.என்.ஏ.யின் படிகளுக்கிடையே புகுந்து, சுற்றியுள்ள நீரிலிருந்து ஒதுங்கியபின் இருபது மடங்குக்குமேல் ஒளிர்கிறது. ஒளிர்கிறது என்றாலே உள்ளே புகுந்துவிட்டது என்றுதான் பொருள்.

மனித உயிரணுவில் எத்திடியம் செய்யும் வேலை விசித்திரமானது. நம் டி.என்.ஏ.யின் பெரும்பகுதி உட்கருவில் ஹிஸ்டோன் என்ற புரத உருளைகளின்மேல் சுற்றிக் கிடக்கிறது. சிறு பகுதி ஒன்று, 16,569 படிகள் கொண்ட வளையமாக, மைட்டோகாண்ட்ரியா என்னும் ஆற்றல் அறைகளில் இருக்கிறது. அதற்கு ஹிஸ்டோன் போர்வை இல்லை. மேலும் அந்த அறையின் உட்புறம் எதிர்மின் தன்மை உடையது. எத்திடியமோ நேர்மின் ஏற்றம் உடையது. ஆகவே சிறிதளவு சாயமும் அங்கே இழுக்கப்பட்டுச் சேர்கிறது. உட்கரு தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்போதே, ஆற்றல் அறையின் படியெடுப்பு மட்டும் தடைப்படுகிறது. வளையம் புதுப்படியும் எடுப்பதில்லை. 1989-ல் கிங், அத்தார்தி என்ற இருவர் இந்தக் குறையையே கருவியாக்கிக்கொண்டனர். எத்திடியத்தில் நெடுநாள் வளர்த்து, மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. அறவே இல்லாத மனித உயிரணுக்களை உண்டாக்கினர். யூரிடினும் பைருவேட்டும் கலந்த ஊட்டம் கொடுத்தால் அவை பிழைத்துக்கிடந்தன. பிறகு வேறு மனிதர்களின் மைட்டோகாண்ட்ரியாவை அவற்றில் குடியேற்றி, எந்தப் பரம்பரை நோய் அந்தச் சிறு வளையத்தால் விளைகிறது என்று சோதிக்க வழி பிறந்தது. சாயத்தின் கெடுதியை அறிந்தவர் அதை ஆளக் கற்றுக்கொண்டதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

இனி நான் கைசுட்டுக்கொண்ட கதைக்கு வருகிறேன். படிகளுக்கிடையே செருகாமல், ஏணியின் முறுக்கில் ஓடும் குறுகிய பள்ளத்தில் படுத்துக்கொள்ளும் சாயங்களும் உண்டு. 1971-ல் ஓட்டோ டானின் ஆய்வுக்கூடத்தில் டிரிபனோசோம் நோய்க்கு மருந்து தேடியபோது கிடைத்த டாப்பி ஒன்று. ஹோக்ஸ்ட் என்ற ஜெர்மானிய நிறுவனம் தந்த 33258, 33342 என்ற எண்ணுடைய சாயங்கள் வேறு. ஏணியில் அடினின், தைமின் என்னும் காரங்கள் தொடர்ந்து வரும் இடங்களில் இவை அமர்ந்து நீல ஒளி வீசுகின்றன. 33342 உயிருள்ள உயிரணுவுக்குள் எளிதாக நுழைந்துவிடும்.

ஆய்வு மாணவனாகச் சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்திருந்தேன். நம் பக்கத்து மூலிகை ஒன்றின் சாறு மனிதப் புற்று உயிரணுக்களின் பெருக்கத்தைத் தடுக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. உட்கருக்களை எளிதாக எண்ணலாம் என்று கருதி, தொடக்கத்திலேயே எல்லாத் தட்டுகளிலும் ஹோக்ஸ்ட் சாயத்தைக் கலந்துவிட்டு, இரண்டு நாட்கள் இடைவிட்டு இடைவிட்டு நுண்ணோக்கியின்கீழ் வைத்து எண்ணிவந்தேன். மூலிகைச் சாறு ஊற்றிய தட்டுகளில் உயிரணுக்கள் பெருகவேயில்லை. சில மரபணுக்களின் படியெடுப்பும் குறைந்திருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஊருக்குக் கடிதம்கூட எழுதிவிட்டேன். ஆய்வேட்டின் ஓர் அத்தியாயம் பாதி எழுதியாயிற்று. சாறு ஊற்றாத தட்டுகளிலும் பெருக்கம் மந்தமாகவே இருந்ததை, கோடைகாலத்து மின்வெட்டின்மேல் பழிபோட்டு ஒதுக்கியிருந்தேன்.

எனக்கு வழிகாட்டியாக இருந்த பேராசிரியை அம்மையார் என் குறிப்பேட்டை மெல்லப் புரட்டிப் பார்த்தார். பாராட்டுவார் என்று எதிர்பார்த்து நின்றேன். "எல்லாம் சரி, தம்பி. சாயம் போடாத தட்டு எங்கே?" என்றார்.

அப்படி ஒரு தட்டு இல்லை. பாட்டியம்மாளின் திண்ணை எனக்கு நினைவு வந்தது அப்போதுதான்.

ஏனென்று சொல்கிறேன். மரபணுவின் தொடக்கத்தில் 'டாட்டா' என்ற வாசகம் சில இடங்களில் இருக்கிறது. தைமினும் அடினினும் மாறிமாறி வருவதால் அப்பெயர். படியெடுப்பைத் தொடங்கிவைக்கும் புரதம் ஒன்று வந்து அங்கே அமர வேண்டும். அது அமர்வதும் குறுகிய பள்ளத்தின் வழியாகத்தான் என்பதை 1993-ல் படிக ஆய்வுகள் காட்டின. ஹோக்ஸ்ட் சாயம் விரும்பும் இடமும் அதுவே. 1994-ல் வெளியான சோதனைக்குழாய் ஆய்வொன்று, குறுகிய பள்ளத்தில் அமரும் இவ்வகைப் பொருள்கள் அப்புரதத்தை டாட்டா வாசகத்தில் அமரவிடாமல் தடுக்கின்றன என்று கண்டது. இடம் ஏற்கெனவே பிடித்தாகிவிட்டது! துணியில் முடிச்சுதான் சாயத்தைத் தடுக்கும்; உயிரணுவிலோ இரண்டும் நடக்கும். புரதம் அமர்ந்த இடத்தில் சாயம் சேராது. சாயம் முந்திக்கொண்ட இடத்தில் புரதம் அமர இயலாது. இந்த உண்மையையே ஆய்வு முறையாக்கி, 1978-ல் காலஸ், ஷ்மிட்ஸ் என்பவர்கள், புரதம் அமர்ந்த இடம் மட்டும் நொதியால் வெட்டுப்படாமல் வெறுமையாகத் தெரியும்படி செய்தனர். அதற்கு அவர்கள் 'காலடிச் சுவடு' என்று பெயரிட்டார்கள். சுங்குடிப் புள்ளி என்றிருந்தாலும் பொருந்தியிருக்கும்.

சோதனைக்குழாயில் நடந்ததெல்லாம் அப்படியே உயிரணுவில் நடக்கும் என்று எண்ணிவிடலாகாது. டாட்டா வாசகம் மனித மரபணுக்களில் சிறுபான்மையானவற்றிலேயே உண்டு. ஹிஸ்டோன் உருளைகளின்மேல் சுற்றிய டி.என்.ஏ. சாயத்துக்கு எல்லா இடத்திலும் எளிதாக எட்டுவதில்லை. பல உயிரணுக்கள் சாயத்தை உள்ளே விட்டபின் வெளியே இறைத்துத் தள்ளவும் செய்கின்றன. மேலும் சாயம் செய்யும் கேடு ஒரே வகையன்று. ஏணியின் முறுக்கைத் தளர்த்தும் டோப்போஐசோமரேஸ் என்ற நொதி, தன் வேலையின் நடுவே ஏணியின் ஒரு கயிற்றை அறுத்து மீண்டும் ஒட்டவைக்கும்; ஹோக்ஸ்ட் சாயம் அந்த ஒட்டுதலைத் தடுத்து, அறுந்த நிலையிலேயே நிறுத்திவிடுகிறது என்று 1993-ல் காட்டினார்கள். டி.என்.ஏ. அறுந்தால் உயிரணு அபாயமணி அடிக்கிறது. பழுது நீக்கும் மரபணுக்கள் விழிக்கின்றன, பிரிவினை நிற்கிறது. அதன்மேல் நுண்ணோக்கியின் புற ஊதாக் கதிர் வேறு. என் தட்டுகளில் நான் கண்டது இவற்றில் எதனுடைய விளைவோ, எத்தனையின் கூட்டு விளைவோ! மூலிகைச் சாறு மட்டும் குற்றவாளி அன்று.

சாயமில்லாத தட்டுகளை வைத்து எல்லாவற்றையும் மீண்டும் செய்தேன். ஐந்து மாதங்கள் ஆயின. சாயமில்லாத உயிரணுக்கள், சாறு ஊற்றிய தட்டிலும் ஊற்றாத தட்டிலும் ஒன்றுபோலச் செழித்துப் பெருகின. அந்த அத்தியாயத்தைக் கிழித்தெறிந்தேன். ஊருக்கு மறுகடிதம் எழுதவில்லை.

என்னைப்போல் ஏமாந்தவன் நான் ஒருவனே அல்லன் என்பது பிற்காலத்தில் சிறிது ஆறுதல் தந்தது. ஹோக்ஸ்ட் மூலக்கூறோடு வேறொரு சிவப்புச் சாயத்தைப் பிணைத்து, புற ஊதாக் கதிர் தேவைப்படாத புதிய சாயம் ஒன்றை 2015-ல் வெளியிட்டார்கள். உயிருள்ள உயிரணுவுக்குத் தீங்கு மிகக் குறைவு என்று அது வரவேற்கப்பட்டது. 2018-ல் ஸ்காட்லாந்தின் டண்டீயிலிருந்து வெளிவந்த ஆய்வு, அந்தச் சாயமும் டி.என்.ஏ. பழுதுக்குரிய அபாயமணியை எழுப்பி, உயிரணுப் பிரிவினையைக் குலைக்கிறது என்று தெரிவித்தது. கதிரைக் குற்றம் சொல்லித் தப்பிக்க வழியில்லை. பள்ளத்தில் படுத்துக்கொள்வதே காரணம் என்றாயிற்று. மறுபுறம், டாக்சோரூபிசின் என்ற ஆரஞ்சு நிறப் புற்றுநோய் மருந்து தானே ஒளிரக்கூடியது. படிகளுக்கிடையே செருகும் அது, ஹிஸ்டோன்களையே டி.என்.ஏ.யிலிருந்து பெயர்த்துத் தள்ளி மரபணுக்களின் வெளிப்பாட்டைக் கலைக்கிறது என்று 2013-ல் நெதர்லாந்து அறிஞர்கள் கண்டனர். சாயத்தில் குற்றமாக நாம் கண்டது மருந்தில் குணமாக இருக்கிறது.

எல்லாச் சாயங்களும் இப்படி என்று அஞ்ச வேண்டியதில்லை. உயிருள்ள உயிரணுவின் சவ்வைக் கடக்க இயலாத சாயங்கள் உள்ளே எதையும் தொடுவதில்லை. டிரிபான் நீலம் அத்தகையது. இறந்த உயிரணுவே அதனால் நீலமாகும். கண்புரை அறுவையில் வில்லையின் மெல்லிய உறையைத் தெளிவாகக் காட்ட அதைப் பயன்படுத்துகிறார்கள். நம் மதுரையின் அரோலேப் நிறுவனமே அதைச் செய்து தருகிறது. எர்லிக்கின் காலத்தில் டிரிபனோசோமைக் கொல்லத் தேடிய சாயக் குடும்பத்தைச் சேர்ந்தது, இன்று முதியவர்களின் கண்ணில் சில விநாடிகள் நீலமாய் நின்று கழுவப்பட்டுவிடுகிறது.

இப்போது நானும் மாணவர்களுக்குக் கற்பிக்கிறேன். உயிரணுக்களைக் கொன்று பதப்படுத்தியபின் கடைசியில் சாயமூட்டுங்கள் என்கிறேன். உயிரோடு பார்த்தே தீரவேண்டுமானால், குறைந்த அளவில், குறைந்த நேரம் ஊட்டுங்கள். ஒவ்வொரு வரிசைக்கும் சாயமில்லாத தட்டு ஒன்றும், சாயம் மட்டும் உள்ள தட்டு ஒன்றும் வையுங்கள் என்கிறேன். வளர்ப்பு ஊட்டம் விலை கூடியது. இரண்டு தட்டுகள் வீண்செலவு என்று அவர்கள் முணுமுணுக்கிறார்கள். சென்ற மாதம் ஒரு மாணவி தன் கட்டுரையைக் கொண்டுவந்து கொடுத்தாள். படங்கள் நீல நீலமாக, வெகு அழகாக இருந்தன. முதல் பக்கத்தைப் படிக்குமுன்பே, "ஐயா கேட்கப்போவது தெரியும்" என்று சொல்லி, நிறமே இல்லாத, ஒன்றும் தெரியாத படம் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள்.